ஸ்டைல் ஹெட்போன் கொடுத்த காசுக்குப் பெறுமா? கடையில் நின்றே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நகரில் போன் திருத்தும் மேசை ஒன்றில் எனக்குப் பிழைப்பு. ஹெட்போன் விற்பதில்லை. தலைப் பட்டி உடைந்தது, காது மெத்தை உரிந்தது, ஒரு பக்கம் செத்தது என்று வருபவற்றைத் திறந்து பார்ப்பேன். ஆகவே வாங்கியவர்களை நான் காண்பது காசு கொடுத்து முடிந்த பிறகுதான். "வாங்க முதல் உங்களிட்டக் கேட்டிருக்கலாம் அண்ணா" என்று சொல்லாதவர்கள் குறைவு.

இப்போது சிலர் முதலிலேயே கேட்கிறார்கள். அவர்களோடு கடைக்கும் போயிருக்கிறேன். எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்தியவைதான் கீழே உள்ள படிகள். மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய, கழுத்தில் தொங்கவிட்டாலும் எடுப்பாக இருக்கிற தலை ஹெட்போன்களுக்கு மட்டும் இது பொருந்தும். காதுக்குள் செருகும் பட்ஸ் வேறு கதை.

ஒழுங்கை மாற்றாதீர்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் போட்டு ஒரு செல்ஃபி, பிறகு பேஸ் (அதிரும் தாழ்ந்த ஒலி), பிறகு பேரம், வீட்டுக்கு வந்த பிறகு காது வலி. கண்ணாடி பார்ப்பதை நான் கிட்டத்தட்டக் கடைசியில் வைத்திருக்கிறேன். அழகு பிடித்துப்போன பிறகு காது உண்மை சொல்லாது.

1. கடைக்குப் போக முன் எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் சொந்தப் போன். கடைக்காரரின் போனில் பேஸ் கூட்டி வைத்திருப்பார்கள். அதில் போட்டால் எந்த டப்பாவும் அதிரும்.

மூன்று பாட்டுகள், போனில் இறக்கி வைத்தவை. கடைக்குள் டேட்டா சிக்னல் விழுந்தால் பாட்டின் தரமும் தானாக இறங்கும். பழி ஹெட்போன் மேல் விழும். ஒன்று வாத்தியம் குறைந்து குரல் முன்னால் நிற்கும் பாட்டு. மற்றது நாதஸ்வரமும் தவிலும் உள்ள பதிவு. மூன்றாவது, எல்லாம் ஒன்றாக இரையும் குத்துப் பாட்டு. மூன்றும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். புதுப் பாட்டில் எது குறைகிறது என்று யாருக்கும் தெரியாது.

மூக்குக் கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொண்டும், ஹிஜாப் அணிபவர் அதோடும் போங்கள். இரண்டும் மெத்தைக்கும் தலைக்கும் நடுவில் இடைவெளி விடும். அந்த இடைவெளியால் முதலில் வெளியேறுவது பேஸ்.

வீட்டில் கிடக்கும் பழைய வயர் இயர்போன் ஒன்று. ஒப்பிட அதுதான் அளவுகோல்.

முக்கால் மணி நேரம். வார நாளில் மத்தியானம் கழித்துப் போனால் கடையில் சனம் குறைவு, முகம் சுளிக்க மாட்டார்கள்.

2. எங்கே போடப் போகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

இதைச் செய்யாமல் போனவர்கள்தான் தேவையில்லாத வசதிக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

கொழும்பு பஸ்ஸுக்கு என்றால், இரைச்சல் நீக்கும் வசதியை (கடையில் ஏ.என்.சி. என்பார்கள்) பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது வெளிச்சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அமத்துகிறது. எஞ்சின் உறுமல், ஏசி, மின்விசிறி போன்ற தாழ்ந்த, மாறாத சத்தங்களில்தான் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். நம் பஸ்ஸில் பிரச்சினை எஞ்சினா? சாரதிக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கர் அல்லவா! பாட்டு, பேச்சு, ஹோர்ன் எல்லாம் ஏ.என்.சி.யையும் தாண்டி வரும். அவற்றைக் குறைப்பது காதைச் சுற்றி மூடும் மெத்தை. இரவு ரயிலில் தூங்கிப் போகிறவருக்கு ஏ.என்.சி. நன்றாகவே உதவும்.

எங்கள் ஊர் டச்சு விரிகுடாக் கரையில் மாலை நடை என்றால் அதற்காக ஏ.என்.சி.க்குக் காசு கொடுக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று வெளி மைக்கில் மோதி, ஹெட்போனுக்குள்ளேயே 'புஸ் புஸ்' என்று கேட்கும். நடைக்கு, காதின் மேல் உட்காரும் லேசான வகை போதும். பின்னால் வரும் ஓட்டோவும் காதில் விழும்.

வீட்டு அறையில் ஸூம் வகுப்பு என்றால் ஏ.என்.சி.யை விட மைக் முக்கியம்.

3. பெட்டியில் உள்ள எண்களை வாசித்துவிட்டு மறந்துவிடுங்கள்

"20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை" என்பது மனிதக் காதின் எல்லை. எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அந்த எல்லைக்குள் எந்த இடம் தூக்கலாக, எந்த இடம் அமுங்கி ஒலிக்கிறது என்பதை அந்த வரி சொல்லாது.

"40 மி.மீ. ட்ரைவர்" (உள்ளே சத்தத்தை உண்டாக்கும் உறுப்பு) என்றால் பெரிய சத்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: சோனியின் 1000 எக்ஸ்.எம்.4 மாடலில் 40 மி.மீ. ட்ரைவர். அதற்குப் பின் 2022இல் வந்த, விலை கூடிய எக்ஸ்.எம்.5 மாடலில் 30 மி.மீ. தான். அளவை வைத்து விலையை நியாயப்படுத்த முடியாது.

எல்.டி.ஏ.சி., ஆப்ட்எக்ஸ் (புளூடூத்தில் பாட்டை அனுப்பும் முறைகள்) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், உங்கள் போனுக்கு அது தெரியுமா என்று பாருங்கள். ஐபோன் இரண்டையும் பாவிப்பதில்லை, ஏ.ஏ.சி. என்ற முறையோடு நின்றுவிடும். ஐபோன்காரர் எல்.டி.ஏ.சி.க்காகக் கூடுதல் காசு கொடுப்பது, வள்ளம் இல்லாதவர் துடுப்பு வாங்குவது மாதிரி.

பார்க்க வேண்டிய எண் இரண்டு. முதலாவது எடை. ஆப்பிளின் ஏர்பொட்ஸ் மெக்ஸ் சுமார் 385 கிராம், சோனி எக்ஸ்.எம்.4 254 கிராம், மார்ஷல் மேஜர் 4 வெறும் 165 கிராம். கழுத்துக்கு இந்த வித்தியாசம் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது பற்றரி மணித்தியாலம். ஆனால் அது ஏ.என்.சி. போட்டா, போடாமலா என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதையும் தேடி வாசியுங்கள்.

4. பாட்டுப் போடாமல் இருபது நிமிடம் தலையில் வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே எல்லோரும் பார்ப்பார்கள். நானும் ஒரு தடவை தாண்டினேன். கொழும்பில் ஒரு கடையில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, காதின் மேல் அழுத்தி உட்காரும் வகை ஒன்றைப் பத்து நிமிடம் சத்தமாகக் கேட்டுவிட்டு வாங்கினேன். தம்புள்ளை வருவதற்குள் கண்ணாடிக் காலுக்கும் மெத்தைக்கும் நடுவில் காதுமடல் நசிந்து, கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு ஊர் வரும்வரை சாரதியின் பாட்டுத்தான்.

சத்தம் இல்லாமல் வைப்பதற்குக் காரணம் உண்டு. பாட்டு ஓடினால் மனம் அதில் போய்விடும், வலி தெரியாது. மூன்று இடங்களைக் கவனியுங்கள்: உச்சந்தலை, காதுமடலின் மேல்விளிம்பு, தாடையெலும்பு. எதிலாவது பத்தாவது நிமிடத்தில் ஒரு சூடு தெரிந்தால் அது இரண்டாவது மணித்தியாலத்தில் வலியாகும்.

முடிந்தால் ஏசிக்கு நேரே நிற்காமல் கடை வாசல் பக்கமாக வந்து நில்லுங்கள். வேர்வையைப் பார்க்க வேண்டும். கொழும்பின் குளிரூட்டிய கடையில் வெல்வெட் போல இருந்தது, நம் சித்திரை வெயிலில் காதில் வைத்த சுடு ஒத்தடமாகிவிடும்.

குனிந்து சப்பாத்து நாடா கட்டுங்கள். நழுவி விழுந்தால் பட்டி தளர்ந்தது. அசையவே இல்லை என்றால் இறுக்கம் கூட; நீண்ட பயணத்துக்கு ஆகாது.

5. இப்போது கேளுங்கள், இந்த ஒழுங்கில்

முதலில் போனில் உள்ள ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், டொல்பி எல்லாவற்றையும் அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது உங்கள் போனை.

இரண்டை ஒப்பிடும்போது குரல் இரண்டிலும் ஒரே அளவு உரப்பாகக் கேட்கும்வரை வொலியூமைச் சரிசெய்யுங்கள். வொலியூம் கோடு ஒரே இடத்தில் நின்றால் போதாது; ஒவ்வொரு ஹெட்போனும் அதே கோட்டில் வேறு வேறு அளவு கத்தும். கொஞ்சம் உரத்துக் கேட்பதை நம் காது 'நல்ல சத்தம்' என்று எடுத்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விலை கூடியதைக் காட்டும்போது அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

குரல் முதலில். பேஸில் தொடங்கினால் அதிலேயே மயங்கிவிடுவோம். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று காதுக்குப் பிறந்த நாள் முதல் தெரியும், அதை ஏமாற்றுவது கடினம். 'ச', 'ஸ' வரும் இடங்களில் ஊசி குத்துகிறதா? போர்வைக்குள் இருந்து பாடுவது போல அமுங்கியிருக்கிறதா? பாடகர் மூச்சு இழுப்பது தெரிகிறதா? இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

அடுத்தது தவில். இதை விடச் சிறந்த சோதனையை நான் காணவில்லை. குச்சி விழும் பக்கத்தின் 'தொம்' தனியாகவும், கூடு (விரலுறை) போட்ட விரல்கள் விழும் வலந்தலையின், அதாவது வலது பக்கத்தின், வெட்டு தனியாகவும் கேட்க வேண்டும். பேஸ் ஊதிய ஹெட்போனில் 'தொம்' நீண்டு இழுபட்டு அடுத்த அடியின் மேல் விழும். தவில் அடிக்கிறதா, கதவு தட்டுகிறார்களா என்று சந்தேகம் வரும். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது முகம் சுளித்தால், மேல் ஒலியைத் தேவைக்கு மேல் தூக்கியிருக்கிறார்கள்.

கடைசியில் குத்துப் பாட்டு, அதுவும் சத்தத்தைக் குறைத்து. வொலியூமை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். அந்த அளவிலும் குரலும் தாளமும் பிரிந்து கேட்டால் அதற்குக் காசு கொடுக்கலாம். கூட்டினால்தான் நன்றாக இருக்கிறது என்றால் நீங்கள் என்றைக்கும் கூட்டித்தான் கேட்பீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு. சத்தம் கூடக் கூட அந்த மணித்தியாலம் வேகமாகக் குறையும்.

இன்னொரு சின்னச் சோதனை. பாட்டு ஓடும்போது இரு உள்ளங்கையாலும் இரண்டு பக்கத்தையும் மெல்ல அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால், அந்த ஹெட்போன் உங்கள் தலையில் சரியாக மூடவில்லை. சாமானில் பிழை இல்லை, உங்கள் முகவாகுக்கு ஒத்துவரவில்லை. கூட வந்த நண்பருக்கு அது அருமையாகக் கேட்கலாம். அவருக்காக நீங்கள் வாங்கத் தேவையில்லை.

பிறகு பழைய வயர் இயர்போனைப் போட்டு அதே குரல் பாட்டைக் கேளுங்கள். புதியதில் எது கூடியது என்று ஒரே வரியில் உங்களால் சொல்ல முடிய வேண்டும். "ஒரு ஃபீலிங் வருது" என்பது கணக்கில் சேராது. "பாவிக்கப் பாவிக்கத் திறக்கும் தம்பி" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். பழகிப்போவது உங்கள் காது.

மைக்குக்கு, கடை வாசலில் நின்று வட்ஸ்அப் குரல் செய்தி ஒன்று பதிந்து திருப்பிக் கேளுங்கள். வீடியோ ஒன்றில் உதடும் பேச்சும் சேர்ந்து போகிறதா என்றும் பாருங்கள். கேம் விளையாடுபவருக்கு இது முக்கியம், மற்றவர்கள் தாண்டலாம்.

6. எங்கே உடையும் என்று பாருங்கள்

என் மேசைக்கு வருபவற்றில் ட்ரைவர் செத்தது அரிது. மெத்தை, கீல், சார்ஜ் போர்ட், பற்றரி: இந்த நான்குதான் மாறி மாறி வரும். நம் ஊரில் மெத்தைதான் முதலில்.

போன மாரிக்குப் பிறகு ஒரு தம்பி வந்தார். ஹெட்போன் பளபளவென்று இருந்தது, வெளியில் ஒரு கீறல் இல்லை. காதோரம் மட்டும் கறுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தன, மீன் வெட்டிய கை மாதிரி. மெத்தையின் தோல் உரிந்து உள்ளே வெள்ளைத் துணி தெரிந்தது. "ஆறு மாசம் பெட்டியிலதான் கிடந்தது அண்ணா, நான் பாவிக்கவே இல்ல" என்றார். பொய் இல்லை. அந்தத் தோல் உண்மையான தோலல்ல, துணியின் மேல் பூசிய பொலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் சேரச் சேர அது தானாகவே சிதையும். பூட்டி வைத்தாலும் சிதையும். வேர்வையும் தலை எண்ணெயும் அதை இன்னும் விரைவுபடுத்தும்.

மெத்தையை நகத்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் நல்ல சகுனம். ஒட்டியிருந்தால், "இதுக்கு மாத்து மெத்தை கிடைக்குமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் தடுமாறினால் அங்கேயே போனில் மாடல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஹெட்போன் வாங்குமுன் மெத்தையைத் தேடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தேடி ஒன்றும் கிடைக்காத மாடலை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன். துணி மெத்தை உரியாது, ஆனால் வேர்வையைக் குடிக்கும், வெளிச்சத்தத்தையும் கொஞ்சம் விடும்.

கீலை மெதுவாகப் பத்துத் தடவை மடித்து விரியுங்கள். கரகரப்பு, ஆட்டம், வெளியே தெரியும் மெல்லிய வயர் மூன்றும் கூடாது. பட்டியை உங்கள் தலைக்கு இழுக்கும்போது கடைசிப் பல்லுக்குப் போக வேண்டியிருந்தால் அதை வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். எப்போதும் முழுதாக இழுபட்டு நிற்கும் பட்டி அந்த இடத்திலேயே விரிசல் விடும். மடிகிறதா, திரும்பிப் படுக்க மட்டும் செய்கிறதா என்றும் பாருங்கள். சோனியின் எக்ஸ்.எம்.4 மடியும், எக்ஸ்.எம்.5 மடியாது, 2025இல் வந்த எக்ஸ்.எம்.6 மறுபடி மடிகிறது. பைக்குள் வைப்பவருக்கு இது பெரிய விஷயம்.

சார்ஜ் போர்ட்டைத் திறந்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் மாதிரிக் களிம்பு பிடித்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். உப்புக் காற்றும் வேர்வையும் செய்யும் வேலை. வேர்வையோடு கழற்றி உடனே சார்ஜில் போடுவதுதான் மோசம்.

பற்றரி தேயும், அது விதி. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டால் இன்னும் சீக்கிரம் தேயும். ஆகவே கேள்வி இது: பற்றரி செத்த பிறகு வயர் குத்திக் கேட்கலாமா? 3.5 மி.மீ. துளை இருந்தால், ஹெட்போனை அணைத்துவிட்டு வயரைக் குத்திப் பாருங்கள். சிலது பாடும், சிலது பற்றரி இல்லாமல் வாயே திறக்காது. ஏர்பொட்ஸ் மெக்ஸில் அந்தத் துளையே இல்லை.

7. ஒரிஜினலா, கொப்பியா

பெட்டியையும் சீரியல் இலக்கத்தையும் நம்ப முடியாது. உண்மையான ஒன்றின் இலக்கத்தை நூறு கொப்பியில் அச்சடிக்கலாம். இணையத்தில் போட்டால் 'சரி' என்றுதான் வரும். ஐபோனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் படம் தோன்றுவதும் சாட்சி இல்லை, கொப்பியும் அதைச் செய்யும்.

தராசு நல்ல சாட்சி. பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வையுங்கள். ஏர்பொட்ஸ் மெக்ஸின் கிண்ணம் அலுமினியம், அதை பிளாஸ்டிக்கில் செய்தால் எடை இடிக்கும். மற்ற பிராண்டுகளுக்கு, அந்த நிறுவனத்தின் சொந்த ஆப்பை இறக்கி அது ஹெட்போனை அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள்.

கட்டாரில் இருந்து மாமா கொண்டுவந்தது ஒரிஜினலாகவே இருக்கலாம். ஆனால் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அங்கே விலை குறைவு என்று சந்தோஷப்படுமுன் அந்த இழப்பையும் கழியுங்கள்.

8. வருடக் கணக்குப் போடுங்கள்

விலையோடு, ஒரு தடவை மாற்ற வேண்டிய மெத்தையின் விலையைக் கூட்டி, பாவிக்கக்கூடிய வருடங்களால் வகுங்கள்.

உதாரணமாக: ஒன்று 18,000 ரூபா, மாற்று மெத்தை 3,000. நான்கு வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 5,250. மற்றது 45,000 ரூபா, மெத்தை ஒட்டியது, மாற்ற முடியாது. இரண்டரை வருடம் என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 18,000. வித்தியாசம் வருடத்துக்கு 12,750 ரூபா.

இனி உங்களை நீங்களே கேளுங்கள். ஐந்தாம் படியில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி முன்னேற்றத்துக்கும், இரண்டாம் படியில் எழுதிய தேவைக்கும் 12,750இல் எவ்வளவு போகும்? மிஞ்சுவது அழகின் விலை. அதைக் கொடுப்பது பிழை இல்லை. சேலைக்கும் சப்பாத்துக்கும் கொடுக்கிறோம்தானே. எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

9. இப்போது கண்ணாடி பாருங்கள்

தலையில் ஒரு தடவை, கழுத்தில் ஒரு தடவை. கழுத்தில் கிடக்கும்போது தாடையில் இடித்தால் நீங்கள் அதைக் கழுத்தில் போடவே மாட்டீர்கள். பையில் எறிவீர்கள், கீல் உடையும். வெள்ளை, கிரீம் நிற மெத்தை தலை எண்ணெயில் மஞ்சளாகும். எண்ணெய் வைக்கிறவர் கறுப்பு, கடும் நீலம் பக்கம் போங்கள்.

10. பில்லும் முதல் கிழமையும்

பில்லில் மாடல் பெயர், சீரியல் இலக்கம், வாரண்டிக் காலம் மூன்றும் எழுதப்பட வேண்டும். 'ஹெட்போன் 1' என்று மட்டும் எழுதிய துண்டோடு வந்து நிற்பவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. நாளாக நாளாக எழுத்து மங்கும் வெப்பக் காகிதம் என்றால் உடனே படம் எடுத்து வையுங்கள். பிணக்கு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. அவர்களிடம் போனாலும் முதலில் கேட்பது பில்தான்.

முதல் கிழமையிலேயே கடுமையாகப் பாவியுங்கள். கிண்ணியாவுக்கு பஸ்ஸில் ஒரு தடவை போய் வாருங்கள், பற்றரியை முழுதாக இறக்கி ஒரு தடவை ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு கேட்கிறதா என்று தினமும் பாருங்கள். அதுவரை பெட்டியையும் அதன் பிளாஸ்டிக் உறைகளையும் எறியாதீர்கள். பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை அதற்குப் பிறகும் எறிய வேண்டாம். ஹெட்போன் பையிலேயே போட்டு வையுங்கள்.